கீறல் தெரியாமல் இசைத்தட்டைப் படம் எடுப்பது எப்படி?

பிப்ரவரி 3, 2024: கேள்வி

அப்பா சேர்த்து வைத்த இசைத்தட்டுகள் 140 இருக்கின்றன. பெரும்பாலும் தமிழ்ப் பட எல்பி என்னும் பெரிய தட்டுகள், கொஞ்சம் 45, ஒரு கட்டு பழைய 78 (எண்கள் தட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதைச் சொல்பவை). வீடு மாறுகிறோம், வைக்க இடமில்லை. இணையத்தில் கடை போட்டு ஒவ்வொன்றாக விற்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு நாளாகப் போனில் படம் எடுத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் மேலே இருக்கும் மின்விசிறி தெரிகிறது, இல்லையென்றால் என் முகம் தெரிகிறது. வெளிச்சம் கூட்டினால் கீறலெல்லாம் எழும்பி வந்து தட்டு குப்பை மாதிரி ஆகிவிடுகிறது. கீறல் தெரியாமல் பளிச்சென்று எடுக்க என்ன வழி? படம் நன்றாக இருந்தால்தானே விலை போகும்?

பிப்ரவரி 3, இரவு: பதில்

மின்விசிறிக்கு வழி சொல்கிறேன். கீறலை மறைக்க வழி சொல்ல மாட்டேன். நாலு வருடமாக நான் கற்றுக்கொண்டு வருவதே கீறலைத் தெரிய வைக்கத்தான்.

இசைத்தட்டு ஒரு கறுப்புக் கண்ணாடி. எதிரே இருப்பதைக் காட்டும். தரையில் படுக்க வைத்து நேர் மேலிருந்து எடுத்தால் எதிரே இருப்பது கூரையும் விசிறியும் நீங்களும். தட்டைச் சுவரில் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி தொங்கட்டும். எங்கள் வீட்டில் சபரிமலைக்குக் கட்டிய கறுப்பு வேட்டி இருந்தது, துவைத்து மடித்து இதற்கென்றே வைத்திருக்கிறேன். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்தால் உங்கள் உருவமும் மங்கிவிடும். அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

இப்போது கீறல். கடை போட்ட முதல் வருடம் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். ஜன்னல் பக்கம் மெல்லிய வெளிச்சத்தில் வைத்து எடுத்தேன், தட்டு புதுசு மாதிரி வந்தது. 650 ரூபாய்க்கு ஒரு எல்பி விற்றேன். வாங்கியவர் கோயம்புத்தூரில் இருப்பவர், தட்டு கைக்கு வந்ததும் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பினார். என் படத்தில் இல்லாத ஒன்பது கீறல் அதில் இருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், போக வர கூரியர் 340 ரூபாய் நான் கொடுத்தேன். அதைவிட என்னை உறுத்தியது அவர் எழுதிய ஒரு வரி: "படத்தைப் பார்த்து நம்பித்தான் வாங்கினேன்." அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

கடையில் போய் வாங்குபவர் தட்டை உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறார். சென்னை மூர் மார்க்கெட் பக்கம் பழைய ரெக்கார்டு வாங்கியவர்களுக்கு அந்தக் கைப்பழக்கம் தெரியும். இணையத்தில் வாங்குபவருக்கு அந்தக் கை இல்லை. நாம் எடுக்கும் படம்தான் அவர் கை.

பிப்ரவரி 4

விளக்கு பற்றிக் கேட்டதால் இது. ஒரே ஒரு விளக்கு போதும். பிள்ளைகள் படிக்கும் மேஜை விளக்கு ஒன்று. தட்டிலிருந்து நாலடி தள்ளி, கொஞ்சம் தாழ்வாக வையுங்கள். தட்டின் மேல் வெளிச்சம் உடுக்கை மாதிரி விழும்: லேபிள் பக்கம் குறுகி, இரண்டு விளிம்பிலும் விரிந்து. அந்த உடுக்கை வந்துவிட்டால் விளக்கு சரியான இடத்தில் இருக்கிறது. உடுக்கைக்குள் பாருங்கள், கீறல் தெரியும்.

பிப்ரவரி 4, பிற்பகல்

விட்டுப்போனது: போனின் ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், மற்ற இடம் செத்துப்போகும்.

பிப்ரவரி 8

நாலாம் தேதி எழுதியதில் தவறு இருக்கிறது, திருத்துகிறேன். உடுக்கைக்குள் பார்க்கச் சொன்னேன். நேற்று பத்துத் தட்டுகளை வரிசையாக எடுத்து, போட்டுக் கேட்டு, படத்தோடு ஒப்பிட்டேன். கீறல் நன்றாகத் தெரிவது உடுக்கைக்கு வெளியே, இருட்டாக இருக்கும் இரண்டு பக்கத்தில்.

காரணம் யோசித்தால் எளிது. தட்டில் இருக்கும் வரி வட்டமாக ஓடும் பள்ளம். விளக்கிலிருந்து வரும் ஒளிக்குக் குறுக்கே பள்ளம் ஓடும் இடத்தில் ஒளி நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது, அதுதான் உடுக்கை. ஒளி வரும் திசையிலேயே பள்ளம் நீளவாக்கில் ஓடும் இடத்தில் திரும்பி வருவதில்லை, அங்கே இருட்டு. கீறலும் ஒரு பள்ளம்தானே. விளிம்பிலிருந்து லேபிளை நோக்கிப் போகும் கீறல், வரிகளைக் குறுக்கே வெட்டிப் போகிறது. ஆக வரிகள் இருண்டு கிடக்கும் இடத்தில் அந்தக் கீறல் ஒளிக்குக் குறுக்கே விழுகிறது, வெள்ளி இழை மாதிரி மின்னுகிறது. உடுக்கைக்குள் வரிகளே மின்னுவதால் கீறல் அதில் கலந்துவிடும்.

அதனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு படம். ஒன்று எடுத்ததும் தட்டைக் கால் சுற்று திருப்பி இன்னொன்று. விளக்கும் போனும் அசையக் கூடாது. முதல் படத்தில் உடுக்கைக்குள் இருந்த பகுதி இரண்டாவதில் இருட்டுக்கு வந்துவிடும். தட்டு முழுவதும் ஒருமுறையாவது இருட்டில் இருந்துவிட்டது, எதுவும் தப்பாது.

கிட்டத்தட்ட எதுவும் தப்பாது என்று திருத்திக்கொள்கிறேன். வரியோடு சேர்ந்து வட்டமாகவே ஓடும் கீறல் இந்த முறையில் சரியாகத் தெரியாது. மோசமானதும் அதுதான். குறுக்கே போகும் கீறல் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் கொடுக்கும், 33⅓ வேகத்தில் சுற்றும் எல்பியில் 1.8 நொடிக்கு ஒரு டக். வரியை ஒட்டிப் போகும் கீறல் ஊசியைப் பிடித்துப் பழைய வரிக்கே தள்ளிவிடும். சொன்னதையே சொல்லுகிறவரைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று சொல்கிறோமே, அது இந்தக் கீறல். இதைப் படத்தில் பிடிக்க முடியாது, போட்டுக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

பிப்ரவரி 9

போன் கேமரா போதுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். போதும், அது தானாகச் செய்யும் சில வேலைகளை நிறுத்தினால்.

கறுப்பான பொருளைப் பார்த்ததும் போன் 'வெளிச்சம் போதவில்லை' என்று நினைத்துக்கொண்டு தட்டைச் சாம்பல் நிறமாக்கிவிடும். திரையில் தட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும், பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். தட்டு கறுப்பாகவே தெரிய வேண்டும். வெள்ளை அட்டை உறைக்கு இதன் தலைகீழ், கொஞ்சம் கூட்ட வேண்டும்.

இரவுப் படம் எடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை ஒன்றாக்கி மழுங்கச் செய்து கொடுக்கும், மயிர்க்கீறல் அதில் கரைந்துவிடும். முகத்துக்குப் பூச்சு போடும் வசதி எதுவாக இருந்தாலும் அதையும் அணையுங்கள்.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் போன் கெட்டுப்போகவில்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்ஈடி விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கையால் நேரம் மாற்ற முடிந்த போனில் 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் பட்டை போய்விடும். முடியாதென்றால் விளக்கை மாற்றுங்கள்.

பிப்ரவரி 11

லேபிள். புதிதாக விற்க வருபவர்கள் லேபிளை ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சேகரிப்பவர் உட்கார்ந்து பார்ப்பதே அந்தப் படத்தைத்தான். வரிசை எண், கம்பெனி, மோனோவா ஸ்டீரியோவா, எல்லாம் அங்கே இருக்கிறது. எச்எம்வி எல்பிகளில் பெரும்பாலும் எண் 'ஈசிஎல்பி' என்று தொடங்கினால் மோனோ, 'ஈசிஎஸ்டி' என்று தொடங்கினால் ஸ்டீரியோ. ஒரே பாட்டுக்கு இரண்டும் இருந்தால் விலை வேறு. எழுத்து மங்கலாக விழுந்தால் வாங்குபவர் கேட்டு எழுதுவார், நீங்கள் மறுபடி பரணில் ஏற வேண்டும்.

நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் இருக்கிறதா பாருங்கள். தட்டை வைக்கும்போது பிளேயரின் நடுக்கம்பி ஓட்டையைத் தேடி உரசிய தடம் அது. தடம் நிறைய இருந்தால் நிறைய ஓடிய தட்டு. பளபளப்பை நம்பாதவர்கள்கூட இந்தத் தடத்தை நம்புவார்கள். நெருங்கி ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

பாட்டு முடிந்து லேபிள் வரை வழவழப்பாக ஒரு வளையம் இருக்கிறதே, அதில் எண்களும் எழுத்துகளும் பொறித்திருக்கும். எந்த மூலத் தகட்டிலிருந்து அச்சானது என்பதை அது சொல்லும். நேர் வெளிச்சத்தில் அது தெரியவே தெரியாது. விளக்கைத் தட்டின் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் வழிய விடுங்கள். சாயங்கால வெயிலில் மணலில் காலடித் தடம் எழும்பித் தெரிவது மாதிரி எண்கள் எழும்பும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. மஞ்சள் பல்பில் சிவப்பு லேபிள் ஆரஞ்சாகும், பழைய ட்யூப்லைட்டில் பச்சை ஏறும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை திருத்தினால் லேபிளும் தன் நிறத்துக்கு வந்துவிடும். தாளை வெட்டிவிட வேண்டாம். படத்திலேயே இருக்கட்டும், பார்ப்பவருக்கும் ஒரு அளவுகோல்.

பிப்ரவரி 12

"ஒரு தட்டுக்கு எத்தனை படம்?" 300 ரூபாய் தட்டுக்கு எட்டு, அதற்கு மேல் விலை என்றால் பன்னிரண்டு.

பிப்ரவரி 15

அட்டை உறை. தட்டு வீணாகியிருந்தாலும் அட்டைக்காகவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள், சட்டம் போட்டு மாட்டுவதற்கு. அதனால் இதைச் சாதாரணமாக விட முடியாது.

எல்பி அட்டை ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் சதுரம். போனைப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் சதுரம் முறம் மாதிரி ஒரு பக்கம் விரிந்துவிடும், நடிகர் முகம் உப்பிவிடும். ஐந்தடி பின்னால் போய் இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். போன் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: அட்டையின் நடுவில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைப் படிய வையுங்கள். போனின் லென்ஸ் தன்னையே அந்தக் கண்ணாடியின் நடுவில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் போனும் அட்டையும் இணையாக இருக்கின்றன. கண்ணாடியை எடுத்துவிட்டுச் சொடுக்குங்கள். வருடக்கணக்கில் கோணல் படம் எடுத்த பிறகு எனக்குக் கிடைத்தது இது.

அட்டையில் காட்ட வேண்டியவை: முதுகு, நாலு மூலை, தட்டைச் செருகும் வாய். முதுகு எழுத்து அழிந்திருந்தால் அலமாரியில் அடுக்குபவருக்கு அது பெரிய குறை. உள்ளே இருக்கும் தட்டு அழுத்தி அட்டை மேல் வட்டமாக நிறம் தேய்ந்திருக்கும், அதைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்தால்தான் தெரியும். ஓரம் பிரிந்திருந்தால் பிரிந்த இடத்துக்குள் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி எடுங்கள். எத்தனை விரல் நீளம் பிரிந்திருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். தாள் இல்லாவிட்டால் பிரிந்த ஓரமும் ஒட்டிய ஓரமும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பிப்ரவரி 18

78 பற்றி இவ்வளவு நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். அது வேறு உலகம். வேறு பொருளும்கூட: எல்பி வினைல், 78 அரக்கு. முதலில் ஒரு எச்சரிக்கை. படம் எடுப்பதற்கு முன் துடைக்கிறேன் என்று ஸ்பிரிட், சானிடைசர், ஐசோபுரொபைல் எதையும் 78 மேல் ஊற்றாதீர்கள். தச்சர் பிரெஞ்சு பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார். தட்டும் அப்படியே கரையும், வரி மழுங்கும், திரும்ப வராது. மெல்லிய ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி, லேபிளில் ஈரம் படக் கூடாது. அவ்வளவுதான்.

78இல் கீறலைவிடத் தேய்மானம்தான் கேள்வி. கனமான எஃகு ஊசி ஓடி ஓடி வரியின் சுவர் தேய்ந்திருக்கும். தேய்ந்த இடம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், தேயாத இடம் மை மாதிரி கறுப்பு. இதை எடுக்க உடுக்கை விளக்கு வேண்டாம். காலை நேரத்தில் வெயில் நேரடியாக விழாத ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள், சாம்பலும் கறுப்பும் பிரிந்து தெரியும். சத்தமாகப் பாடும் இடங்களில் சாம்பல் கூடுதலாக இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

அப்புறம் விரிசல். மயிரிழை விரிசல் எந்த வெளிச்சத்திலும் ஒளிந்துகொள்ளும். தட்டின் நடு ஓட்டையில் ஒரு பென்சிலை விட்டுத் தொங்கவிட்டு, விளிம்பில் விரலால் மெல்லச் சுண்டுங்கள். மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே வேலை. நல்ல தட்டு 'டிங்' என்று சொல்லும், விரிசல் தட்டு 'டப்' என்று சொல்லும். நான் இதைப் பத்து நொடி வீடியோவாகவே எடுத்துப் போடுகிறேன். அது தொடங்கியதிலிருந்து 78க்கு 'விரிசல் உண்டா' என்று யாரும் கேட்பதில்லை. சுண்டும்போது கீழே மெத்தை இருக்கட்டும்.

பிப்ரவரி 18, இரவு

78 என்று பேச்சு வந்ததால் ஒன்று. பல நாடுகள் 78ஐக் கைவிட்ட பிறகும், 1960களில் நம் நாட்டில் அது அச்சாகிக்கொண்டிருந்தது. கல்கத்தா டம்டம் ஆலையில் பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூடப் பார்லஃபோன் லேபிளில் 78ஆக அச்சிட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் சேகரிப்பவர்கள் தேடுவது அதை. உங்கள் கட்டில் ஆங்கிலத் தட்டு என்று ஒதுக்கி வைத்தது ஏதாவது இருந்தால் லேபிளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், விற்பதற்கு முன்னால்.

பிப்ரவரி 22

கழுவிவிட்டுப் படம் எடுப்பதா, கழுவாமல் எடுப்பதா?

முன்பெல்லாம் கழுவிவிட்டுத்தான் எடுப்பேன். இப்போது இரண்டு தடவை எடுக்கிறேன், கழுவும் முன் ஒன்று, பின் ஒன்று. கடற்கரை ஊர்களில் வைத்திருந்த தட்டில் பூஞ்சணம் கோலம் போட்டிருக்கும். வினைலில் அது காய்ச்சி வடித்த நீரோடு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போட்டால் போய்விடும், தடம் சில சமயம் போகாது. முன் படத்தில் பூஞ்சணம் இருந்தது, பின் படத்தில் இல்லை என்று காட்டினால் வாங்குபவர் தன் வீட்டுத் தட்டுகளிலிருந்து இதைக் கொஞ்ச நாள் தள்ளி வைப்பார். அது அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

எனக்கு ஒருமுறை ஒரு விற்பனையாளரிடமிருந்து வந்த தட்டு படத்தில் ஜொலித்தது. கையில் எடுத்தால் வழுக்கியது. பளபளப்புக்காக எண்ணெய் தடவியிருந்தார். வரிக்குள் எண்ணெய், அதில் தூசி, ஊசியில் ஒட்டி மெழுகு மாதிரி உருண்டது. மூன்று முறை கழுவியும் முழுசாகப் போகவில்லை. அந்தப் பாட்டு எனக்கு அவ்வளவு பிடிக்கும், இன்றைக்கும் அதைப் போட முடியவில்லை. படத்துக்காகத் தட்டைக் கெடுப்பதை என்னால் மன்னிக்க முடியாது. தேங்காய் எண்ணெய், பாலிஷ், கார் துடைக்கும் திரவம், எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 26

பதினைந்தாம் தேதி அட்டையின் குறைகளைப் பட்டியல் போட்டபோது ஒன்றை வேண்டுமென்றே விட்டேன்: ரப்பர் ஸ்டாம்பு, பேனா எழுத்து, பெயர். அதைக் குறை என்று சேர்ப்பதா என்று எனக்கே தெளிவில்லை.

போன வருடம் ஒரு 45 தட்டு வந்தது. அட்டையில் ஊதா மையில் ஒரு சவுண்ட் சர்வீஸ் ஸ்டாம்பு, கீழே தஞ்சாவூர் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றின் பெயர். சவுண்ட் சர்வீஸ் தட்டு என்றாலே சேகரிப்பவர்கள் விலகுவார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் விடிய விடிய ஓடியிருக்கும், ஊசி எப்போது மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும். ஸ்டாம்பு படாத பக்கமாக அட்டையை எடுத்துப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஒன்பது கீறல் தட்டு நினைவுக்கு வந்தது. ஸ்டாம்பை நெருங்கி ஒரு படம் எடுத்துச் சேர்த்தேன். விலையை 150க்குக் குறைத்தேன்.

அரை மணி நேரத்தில் ஒருவர் எழுதினார். அது அவர் ஊர். அந்த சவுண்ட் சர்வீஸ்காரர் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர், அவருடைய அக்கா கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டவர். தட்டு ஓடுமா என்றுகூடக் கேட்கவில்லை. "அண்ணே, அந்த ஸ்டாம்பு அழியாமல் அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டார். அட்டையைத் தனியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பினேன்.

அதிலிருந்து எழுத்து எதுவாக இருந்தாலும் படத்தில் சேர்க்கிறேன். குறை என்றும் எழுதுவதில்லை, நிறை என்றும் எழுதுவதில்லை. 'அட்டையில் ஸ்டாம்பு உண்டு, படம் 7 பார்க்க' என்று முடித்துவிடுகிறேன்.

பிப்ரவரி 27

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் சரியான கேள்வி கேட்டார்: முழுப் பெயரும் விலாசமும் எழுதியிருந்தால்? 'இன்னாருக்கு, திருமண நாள் பரிசாக, இன்னார்' என்று இருந்தால்?

பரிசு வரியைக் காட்டுவேன். பெயரையும் கதவு எண்ணையும் படத்தில் ஒரு தாள் துண்டு வைத்து மறைத்து எடுப்பேன், மறைத்திருக்கிறேன் என்று எழுதுவேன். எழுதியவரோ வாங்கிக்கொண்டவரோ உயிரோடு இருக்கலாம், அவர்கள் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் ஊர் பார்க்கப் போடுவது முறையில்லை. படம் எடுத்த பிறகு கணினியில் அழிப்பதைவிடத் தாள் துண்டு நல்லது. அட்டையே அப்படி இல்லை என்று பார்ப்பவர் குழம்ப மாட்டார்.

மார்ச் 3

வளைவு. மே மாதம் வருகிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். வெயிலில் நின்ற வண்டியில் கிடந்த தட்டு அப்பளம் மாதிரி ஆகிவிடும். மேலிருந்து எடுக்கும் எந்தப் படத்திலும் வளைவு தெரியாது. தட்டைச் சமமான கண்ணாடிப் பலகையில் வைத்து, போனைப் பலகை மட்டத்துக்கு இறக்கி, விளிம்பை எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைப் படுக்க வையுங்கள். தட்டுக்கும் பலகைக்கும் இடையில் உள்ள இடைவெளி நாணயத்தின் கனத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் ஊசி தாங்கிக்கொள்ளும். அதற்கு மேலே போனால் பிளேயரில் சுற்றவிட்டு வீடியோ எடுங்கள், ஊசிக்கை படகு மாதிரி ஏறி இறங்குவது தெரியட்டும்.

மார்ச் 4

போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டும் கண்ணாடி) வாங்கலாமா என்று கேட்டவருக்கு: அட்டைக்கு உதவும், குறிப்பாக லேமினேட் செய்த பளபளப்பு அட்டைக்கு. நேர் எதிரிலிருந்து 55 டிகிரி வாக்கில் பக்கவாட்டில் விலகிப் பார்க்கும்போதுதான் அது பிரதிபலிப்பை நன்றாக வெட்டும், நேர் எதிரே நின்று எடுத்தால் பயன் மிகக் குறைவு. தட்டுக்குப் போடாதீர்கள். கீறல் மின்னுவதையும் அது தின்றுவிடும்.

மார்ச் 10

தர எழுத்துகள் பற்றி மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். 'நியர் மின்ட்' (கிட்டத்தட்டப் புதுசு), 'விஜி பிளஸ்', 'விஜி' (வெரி குட்) எல்லாம் வெளிநாட்டில் பழகிய அளவு. ஒருவருடைய விஜி பிளஸ் இன்னொருவருக்கு விஜி. நான் எழுத்தைப் போடுகிறேன், தேடுபவருக்கு அது வேண்டும். கூடவே, கண்ணால் பார்த்துப் போட்டதா, ஓடவிட்டுக் கேட்டுப் போட்டதா என்று எழுதுகிறேன். கண்ணுக்குச் சுத்தமாக இருந்து காதுக்கு இரைச்சலாக இருக்கும் தட்டு உண்டு. கண்ணுக்குக் கோலம் போட்ட மாதிரி இருந்து காதுக்கு அருமையாக இருப்பதும் உண்டு, உறையில் உரசி விழுந்த மேலோட்டமான கீறல் ஊசி ஓடும் ஆழம் வரை இறங்காது. இரண்டாவது வகைக்குப் படம் மட்டும் போட்டால் அநியாயம். முப்பது நொடி ஒலிப்பதிவு சேர்த்துவிடுங்கள், பாட்டு தொடங்கும் முன் இருக்கும் அமைதியும் அதில் வரட்டும். இரைச்சல் அங்கேதான் தெரியும்.

மார்ச் 16

கேள்வி கேட்டவர் முதல் பத்துத் தட்டுகளின் படங்களை அனுப்பியிருந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளைத் தாள் இருக்கிறது, உடுக்கை இருக்கிறது, கால் சுற்று திருப்பி எடுத்திருக்கிறார். நான்காவது தட்டில் முதல் பக்கத்தின் இருட்டுப் பகுதியில் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு கீறல், கிட்டத்தட்ட இரண்டு விரற்கடை. அவர் அதைக் குறிப்பில் எழுதவில்லை, கவனிக்கவில்லை என்றார். போட்டுக் கேட்கச் சொன்னேன். முதல் பாட்டு முழுவதும் டக், இரண்டாவது பாட்டில் பாதி வரை, அப்புறம் சுத்தம். இரண்டாம் பக்கத்தில் ஒன்றுமில்லை.

'முதல் பக்கம், பாட்டு 1 முழுவதும், பாட்டு 2இல் பாதி வரை சத்தம் உண்டு, படம் 3இல் கீறல் தெரியும். இரண்டாம் பக்கம் சுத்தம்' என்று எழுதிப் போட்டார். விலையை 500இலிருந்து 380 ஆக்கினார்.

மார்ச் 19

அந்த நான்காவது தட்டு முதலில் போயிருக்கிறது. சேலத்துக்காரர் ஒருவர் வாங்கினார், அவருக்கு வேண்டியது இரண்டாம் பக்கத்தில் இருக்கும் ஒரு பாட்டு மட்டும். முதல் பக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதினாராம். நீங்கள் கூரியரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன்: தட்டை அட்டைக்கு வெளியே எடுத்துத் தனி உறையில் வையுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் வண்டி குலுங்கும்போது தட்டு அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். இரண்டு பக்கமும் கெட்டியான அட்டைப்பெட்டித் துண்டு வையுங்கள், தட்டைவிட இரண்டு விரல் பெரிதாக. கட்டும் முன் கடைசியாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது தட்டின் இரண்டாம் படத்தில் விசிறி இறக்கை ஒன்று லேசாகத் தெரிகிறது. அதை மட்டும் மறுபடி எடுங்கள்.